பத்து மணித் தீ

1

எங்கள் அத்தான் பூதப்பாண்டியிலிருந்து எழுதியிருக்கிறார். நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டனவாம். தெருவில் வெடி போட்டார்களாம், மிட்டாய் கொடுத்தார்களாம். "உனக்கும் ஒரு மிட்டாய் எடுத்து வைத்தேன், எறும்பு தின்றுவிட்டது" என்று முடித்திருக்கிறார். சந்தோஷமான செய்திதான். ஆனால் கடிதத்தை மடித்து வைத்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

காரணம், இலங்கையில் நான் இருப்பதற்கான பெர்மிட். அதைப் புதுப்பிக்கக் கொழும்புக்கு மனுப் போட்டிருக்கிறேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் திருவிதாங்கூர் என்று எழுதினேன். பாஸ்போர்ட்டில் திருவிதாங்கூர்-கொச்சி என்று இருக்கிறது. இனி ஊரிலிருந்து வாங்கும் காகிதங்களில் சென்னை என்று இருக்கும். ஒரே வீட்டில், ஒரே பாயில் பிறந்தவன் நான். கொழும்பு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பேன்? போன தடவையே அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீர் எத்தனை நாட்டில் பிறந்தீர்?" என்று கேட்டவர்.

அதுகூடப் பரவாயில்லை. அதே மனுவில் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது. எந்தக் குற்றத்துக்காகவாவது நீர் விசாரிக்கப்பட்டதுண்டா, உண்டென்றால் விவரம் தருக என்று. விவரத்துக்கு விட்டிருக்கும் இடம் ஒரு விரல் நீளம். அந்த விரல் நீளத்தில் அடங்காததால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நம் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது "கடல் கடந்த வாழ்க்கையைப் பற்றிச் சுவையாக ஏதாவது". சுவைக்கு நான் பொறுப்பில்லை.

2

நான் இங்கே ஊவா மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். தோட்டத்து ஜனங்கள் 'கிளாக்கர் ஐயா' என்பார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். வேலை என்னவென்றால், காலையில் பேர் வாசிப்பது, மாலையில் கொழுந்து நிறுத்த எடையை எழுதுவது, நடுவில் துரை திட்டுவதைக் கேட்பது. மனைவி பாக்கியம் மார்த்தாண்டத்துக்காரி. மகள் சாராளுக்குப் பதினொரு வயது.

சாராளைக் கப்பலில் தூக்கிக்கொண்டு வந்தபோது நாலு வயது. இப்போது அவள் தமிழ் பேசும்போது நடுவில் சிங்களம் வருகிறது. சிங்களத்தில் அப்பாவுக்குத் 'தாத்தா' என்று பேர். சில நேரம் மறந்துபோய் என்னை அப்படிக் கூப்பிட்டுவிடுவாள். முப்பத்துநாலு வயதில் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் போய் நரை தேடியிருக்கிறேன். தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் சோமா என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டால் அந்த வீட்டில்தான் இருப்பாள். நான் ஏழு வருஷத்தில் சிங்களத்தில் பத்து வார்த்தை கற்றேன். அதில் ஆறு சாப்பாட்டுப் பொருள்.

சாராளிடம் ஊரைப் பற்றி நான் சொல்லி வைத்திருந்த ஒரே பெரிய கதை, அப்பா காட்டுத்தீயை அணைத்த கதை. கீரிப்பாறைக்கு மேலே மலை நாலு நாள் எரிந்தது, அப்பா தழையை ஒடித்துக்கொண்டு முன்னால் நின்று அடித்தார், இதோ பார் தழும்பு, என்று வலது முழங்கையைக் காட்டுவேன். அவளும் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். டீச்சர் ஒருநாள் என்னை வணங்கிவிட்டுப் போனார். தழும்பு நிஜம்தான். அது தீயைக் கண்டு ஓடும்போது கொதிக்கிற கஞ்சிப் பானையில் கை இடித்ததால் வந்தது.

போன ஆகஸ்டில் இங்கே கடுமையான வறட்சி. ஊவாவில் அந்த மாதங்களில் வறண்ட காற்று மலையிலிருந்து இறங்கி அடிக்கும். மலைச்சரிவு முழுக்க மானாப்புல் காய்ந்து நிற்கும். தினம் ஒரு மலையில் புகை. நான்கு மைல் தள்ளித் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயம் எரிந்தது என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். பொழுது சாயும்போது எதிர்மலையில் தீ வரிசையாக ஏறுவதைச் சனங்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட மாதத்தில் எனக்கு மரச்சீனி நட ஆசை வந்தது.

இங்கே சந்தையில் மரவள்ளி என்ற பேரில் அது கிடைக்கும். இருந்தாலும் நம் கையால் நட்டுப் பிடுங்கிய மரச்சீனிக்கும் மீன்குழம்புக்கும் என்ன ஈடு என்று எனக்கு ஒரு எண்ணம். நம் ஊர்க்காரனுக்கு மரச்சீனிக் குழி எடுக்குமுன் நிலத்துப் புல்லைச் செத்தி, செத்தையைக் குவித்துத் தீ வைத்தால்தான் நட்ட மாதிரி இருக்கும். சாம்பல் விழாத மண்ணில் கிழங்கு இறங்காது என்பது வேதம். வீட்டுக்குப் பின்னால் சரிவைச் செத்திக் குவித்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினபோது மணி பதினொன்று.

பாக்கியமும் சாராளும் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார்கள்.

"காத்து கண்டியளா எப்பிடி அடிக்குதுண்ணு? நாளைக்கு வெளுப்பாங்காலத்து, வெயிலு வருமுன்னே வச்சா போராதா?"

"நாளைக்கு எனக்கு பேர் வாசிக்கணும்."

"ஓய்வு நாளும் அதுவுமா தீ வைக்கவா செய்யணும்?"

"நான் பாக்காத தீயா, பாக்கியம்?"

"ஓ, அது செரி. காட்டையே அணைச்ச ஆளாச்சே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

குச்சியைக் கிழித்தேன். செத்தை நன்றாகப் பிடித்தது. அடுத்த நிமிஷம் காற்று ஒரு கைப்பிடி நெருப்பை எடுத்து ஓடைக்கு அந்தப் பக்கம் மானாப்புல்லில் போட்டது. நான் நின்று பார்த்தேன். வாயில் வந்த வார்த்தை "கர்த்தாவே" கூட இல்லை. "மஸ்டர் ரோல்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பாக்கியம் இன்றுவரை கேட்கிறாள்.

தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து பச்சைத் தழையால் அடித்தார்கள். மூன்று மணிக்கு அணைந்தது. அதற்குள் கிராமத்து மேட்டில் கூரை வேய அடுக்கி வைத்திருந்த புல் அத்தனையும் போயிற்று. மூன்று வீட்டுக்கான புல். ஐப்பசி மழைக்கு முன் வேயவேண்டியது.

மறுநாள் காலை கிராமத் தலைவர் வந்தார். இங்கே ஆராச்சி என்பார்கள். கோட்டுப் போட்டு, கையில் ஒரு நோட்டோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை. சாராள் நடுவில் நின்றாள்.

அவர் முதலில் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். "பியதாசதான் வச்சிருப்பான்னு நினைக்கிறாராம். மாட்டுக்குப் புதுப்புல்லு வர மலையைக் கொளுத்துறது அவன் வழக்கமாம். அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்போறாராம். அதுக்கு முன்னே நீங்க ஏதாவது பாத்தீங்களான்னு கேக்குறார்."

பியதாச மாடு மேய்க்கிறவர். சோமாவின் அப்பா. கொழும்புக்கு அனுப்பவேண்டிய பெர்மிட் மனு பாதி எழுதியபடி என் மேசையில் கிடந்தது. அந்த விரல் நீளக் கட்டம் கண்முன் வந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன், உங்களுக்கு ஊர்க் கதையைச் சொல்லியாகவேண்டும். நம் ஊரிலே நடந்தது, ஆனால் உங்களுக்குத் தெரியாது.

3

சுதந்திரம் வந்து முதல் கோடை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முந்தின ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துவிட்டது. திற்பரப்பு அருவியில் குளிக்கப் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். மாசி பிறக்குமுன்பே மலைகளில் அங்கங்கே தீ. பூதப்பாண்டித் தெருக்களில் காய வைத்த நெல்லின்மேல் சாம்பல் விழுந்தது. வயலுக்குத் தழை உரம் சுமந்து வருகிறவர்கள் வெறுந்தலையோடு இறங்கினார்கள். மலையில் தழை இல்லை. ஈத்தல் வெட்டிக் கூடை முடைகிறவர்களுக்கு ஈத்தல் இல்லை. யானை வாழைத்தோட்டத்துக்கு வந்தது. கோயிலில் மழைக்கு அபிஷேகம், எங்கள் சபையில் மழைக்கு உபவாசம். எவருக்கும் பதில் வரவில்லை.

அந்த வருஷம்தான் எனக்குக் காட்டு இலாகாவில் தற்காலிகக் கிளார்க் வேலை. வயது இருபத்தாறு. பள்ளி இறுதி வகுப்பு பாஸ், காக்கி அரைக்கால் சட்டை, காதுக்கு மேலே பென்சில். தீ தாண்டாமல் இருக்க மலையில் புல்லை அகலமாகச் சுட்டு ஒரு வெறும் பாதை விடுவார்கள், பயர்லைன் என்று பேர். அதைச் சுடுகிறவர்கள் காணிக்காரர்கள். அந்த மலையிலேயே பிறந்து அங்கேயே குடியிருக்கிறவர்கள். அவர்களுடைய தலைவர் மல்லன் காணி. ஐம்பது வயதிருக்கும். இலாகாவில் தீக்காவல் வேலையும் அவருக்கு இருந்தது. என் அப்பா வயதுக்காரரை நான் "மல்லா" என்று கூப்பிட்டேன். பென்சில் அப்படிக் கூப்பிடச் சொல்லிற்று.

அவர்கள் பயர்லைன் சுடும் முறை ஒன்று உண்டு. விடியுமுன் போய், மேலே உச்சியில் தீ வைத்து, கீழே கீழே இறங்கி வருவார்கள். புல்லில் பனி இருக்கும். தீ சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கும். சூரியன் ஏறும் முன் வேலை முடிந்து, அணைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்குக் கொடுத்திருந்த உத்தரவு வேறு. பத்து மணிக்கு மஸ்டர் ரோலில் பேர் வாசிக்கவேண்டும், பிறகே வேலை தொடங்கவேண்டும். முதல் நாள் நான் பத்து மணிக்குப் போனபோது அவர்கள் வேலையை முடித்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேர் வாசிக்காம யாரு வேலை தொடங்கச் சொன்னா? நாளைக்கு ஆடிட்டிலே நீயா வந்து பதில் சொல்லுவே?"

மல்லன் காணி எழுந்து நின்றார். "ஏமானே, பத்து மணிக்கு மேலே காத்து கீழேருந்து மலைக்கு கேறும். பின்னே வச்சா தீ நம்ம பேச்சு கேக்காது."

"காத்து கேக்குதோ கேக்கலையோ, நீ என் பேச்சைக் கேளு."

இந்த வாக்கியத்தை எட்டு வருஷமாக எனக்குள்ளே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காதுமேல் அந்தப் பென்சிலும் தெரிகிறது.

மறுநாள் பத்து மணிக்குப் பேர் வாசித்தேன். பதினெட்டுப் பேர். எல்லாரும் "ஆஜர்" என்றார்கள். பத்தரைக்குத் தீ வைத்தார்கள். பதினொன்றுக்கு அது பாதையைத் தாண்டியது. நான் கஞ்சிப் பானையில் இடித்துக்கொண்டு ஓடினது அப்போதுதான்.

நாலு நாள் எரிந்தது. ஓடினவன் நான், அடித்தவர்கள் அவர்கள். காணிக்குடியில் இருந்த குடிசைகள் அத்தனையும் போயின. விதைக்கு வைத்திருந்த தினையும் போயிற்று. ஆள் சேதம் இல்லை. அதைப் பிற்பாடு எல்லாரிடமும் முதலில் நான் சொல்லிக்கொண்டேன்.

4

மேலதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனுஷர், என் வேலை போகக்கூடாது என்று நினைத்தார்.

"எழுதும் வேய்" என்றார். "தீ தானா வந்துதுண்ணு எழுத முடியாது. யாராவது ஒரு ஆளு வேணும்."

நான் இங்கிலீஷில் எழுதினேன். கிளார்க் வருமுன், உத்தரவில்லாமல், மல்லன் காணி தன் இஷ்டத்துக்குத் தீ வைத்தார் என்று. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கட்டுரைக்கு நான் பரிசு வாங்கினவன்.

பிறகு அதை மல்லன் காணிக்கு வாசித்துக் காட்டவேண்டும். விதி அப்படி. அவர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். புருவம் கருகியிருந்தது. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்து, தமிழில் நான் சொன்னேன். மல்லன் காணியும் அவர் ஆட்களும் நாலு நாள் தீயோடு போராடினார்கள், குடிசையெல்லாம் எரிந்துவிட்டது, சர்க்கார் தயவு செய்து உதவவேண்டும் என்று.

அவர் கவனமாகக் கேட்டார். "குடிலுக்கு ஓலை கிட்டுமா ஏமானே?"

"கிட்டும்."

பெருவிரலை மையில் முக்கி வைத்தார். முதல் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை நானே அவர் விரலைப் பிடித்து அழுத்தினேன்.

இரண்டு மாதத்தில் தீக்காவல் வேலை போயிற்று. அவரை நாகர்கோவில் ஜெயிலில் கொண்டு வைத்தார்கள். அவர் திரும்பி வந்தபோது குடி முழுவதும் மலையை விட்டு இறங்கி, கோதையாற்றுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. போகிற அன்று, பெண்டு பிள்ளைகளை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு மூங்கில் குழாய்.

"தேனாக்கும். தீயிலே போகாத்த ஒரு மரத்திலே கிட்டினது. எழுதின கைக்கு" என்றார்.

நான் குழாயை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவர் மேலும் சொன்னார். "நீங்க நல்லாத்தான் எழுதினிய. மேலே உள்ளவங்களுக்கு வாசிக்க தெரியாம போச்சு."

அந்தத் தேனை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஆற்றில் கொட்டினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றேன். நல்ல தேன். சாராளுக்கு மூன்று வயது, அவளும் விரலை விட்டு நக்கினாள். மறு வருஷம் என் மாமன் இலங்கையில் வேலை இருக்கிறதென்று எழுதினார். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றுகூடக் கேட்காமல் புறப்பட்டேன். ஊரில் எல்லாரும் அதைத் துணிச்சல் என்றார்கள்.

5

இப்போது ஆராச்சிக்கு வருவோம். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

நான் சாராளிடம் சொன்னேன். "மக்களே, அப்பா ஆராதனை முடிஞ்சு வரும்போவே புகை வந்துட்டுதுண்ணு சொல்லு. யாரு வச்சான்னு தெரியாதுண்ணு சொல்லு."

பியதாச வைத்தார் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். நான் இந்த எட்டு வருஷத்தில் கொஞ்சம் திருந்தியிருக்கிறேன்.

சாராள் என்னைப் பார்த்தாள். ஆராச்சியைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. நடுவில் பின்பக்கச் சரிவைக் காட்டினாள். குச்சி கிழிப்பதுபோல் விரலை இழுத்தாள். கடைசியாக என்னைக் காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோராவது வார்த்தை தேவைப்படவில்லை.

ஆராச்சி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னதைச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லே. நடந்ததைச் சொன்னேன்."

"ஏன் மக்களே?"

"சோமாவோட அப்பாகிட்டே தீப்பெட்டியே இல்லையே" என்றாள். அவளுக்கு அது ஒரு கஷ்டமான கேள்வியாகவே படவில்லை.

பாக்கியம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெர்மிட் விஷயம் அவளுக்கும் தெரியும். இடித்துப் பேசுவாள் என்று நினைத்தேன். "பிள்ளை செரியாத்தான் சொல்லியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆராச்சிக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

ஆராச்சி எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினார். வட்டவட்டமான எழுத்து. எனக்கு ஒன்றும் தெரியாது. அதில் நான் கிராமத்தையே கொளுத்தினேன் என்று இருக்கலாம், ஒரு ராஜாவைக் கொன்றேன் என்றும் இருக்கலாம். பேனா கையில் இருக்கிறது. மல்லன் காணி எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

"வாசிச்சுச் சொல்லு மக்களே" என்றேன்.

அவள் விரல் வைத்து வாசித்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கிழங்கு நடக் குப்பைக்குத் தீ வைத்தார், காற்று எடுத்துக்கொண்டு போயிற்று, வேறு யாரும் வைக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை அவளுக்குத் தழும்பின் உண்மையைச் சொன்னேன். மல்லன் காணியையும் சொன்னேன். தேன் வரை சொன்னேன். அவள் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அவருக்கு இப்போவும் தெரியாதா?" என்று கேட்டாள்.

6

துரை திட்டினார், அது வழக்கம்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமை நான் எட்டத்து மலையில் போய்ப் புல் அறுத்து, பியதாசவோடு சேர்ந்து சுமந்து வந்து மூன்று வீட்டுக்கும் போட்டேன். என் கட்டுகளை அவர் பின்னாலேயே வந்து அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார். மழைக்கு முன் கூரை வேய்ந்தாயிற்று. மரச்சீனி நட்டேன். காட்டுப்பன்றி தின்றது.

அந்த விரல் நீளக் கட்டத்தில் "உண்டு, ஒரு தடவை" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு தடவை இருந்திருக்கவேண்டும். முதல் தடவை என்னை யாரும் விசாரிக்கவில்லை என்பதால் சட்டப்படி ஒன்றுதான். பெர்மிட் இன்னும் வரவில்லை. கிடைக்காமல் போனால் தைக்குள் மூட்டை கட்டவேண்டும். ஊருக்கு வரப் பயமா என்று அத்தான் கேட்கிறார். பயம்தான். ஊருக்கு வந்துவிட்டால் கோதையாறு ஒரு நாள் தூரம். போகாமல் இருக்க எனக்கு ஒரு கடலும் இருக்காது.

அதனால், கோழை செய்கிற மாதிரியே, எனக்கு முன்னால் இந்தக் காகிதத்தை அனுப்புகிறேன். திற்பரப்புக்கு மேலே, கோதையாற்றுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மல்லன் காணி என்று கேளுங்கள். இருந்தால் இப்போது அறுபதுக்குக் கிட்ட வயதிருக்கும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டவேண்டும். பாதியில் அவர் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு எதையாவது மாற்றிச் சொல்லத் தோன்றும். மாற்றாதீர்கள். எழுதியிருப்பதை மட்டும் வாசியுங்கள்.